ஃபயர்வாலை அணைக்காமல் கோப்பு பகிரக் கற்றுக்கொண்ட கதை

அப்பாவின் குரல் பதிவுகளும் பழைய வீடியோக்களுமாகச் சேர்ந்து 60 ஜிபி. கேசட்டிலிருந்தும் டேப்பிலிருந்தும் ஒவ்வொன்றாக மாற்றி, மேசைக் கணினியில் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதே என்ற பயம் மட்டும் போகவில்லை. அது ஒருநாள் நின்றுபோனால் அப்பாவின் குரலே இல்லாமல் போய்விடும். அதனால் என் லேப்டாப்பில் ஒரு பிரதி, தம்பி வீட்டில் ஒரு பிரதி என்று முடிவு செய்தேன். கிளவுடில் ஏற்ற மனமில்லை. கணினிக்குக் கணினி நேராகக் கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன்.

மேசைக் கணினியும் லேப்டாப்பும் ஒரே மேசையில், ஒரே வைஃபையில் இருந்தன. ஆனால் வேகம் நொடிக்கு 200 கேபிதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 ஜிபி போய்ச் சேர ஏறக்குறைய மூன்றரை நாள் ஆகும். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும் கணினிக்கு!

சிங்க்திங் திரையில் இணைப்பு வகை என்று ஒரு வரி உண்டு. அதில் ‘ரிலே’ என்று இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று அன்று எனக்குத் தெரியாது. இரண்டு கணினிகளும் நேராகப் பேசிக்கொள்ள முடியாதபோது, எங்கோ இருக்கும் ஒரு சர்வர் வழியாகத் தகவலைச் சுற்றி அனுப்புவதுதான் ரிலே. பூட்டிய நிலையில்தான் தகவல் போகிறது, நடுவில் இருக்கும் சர்வரால் படிக்க முடியாது. ஆனால் அந்த சர்வர் எவ்வளவு வேகம் தருகிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். கோப்பு பகிரும் மென்பொருள் வேலை செய்கிறது, ஆனால் மந்தமாக இருக்கிறது என்றால் இப்போது நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். பலர் இணைய வேகத்தைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னேன். “ஃபயர்வாலை அணைச்சுப் பாருங்க மேடம், பிச்சுக்கிட்டுப் போகும்” என்றார். வெளியிலிருந்து கணினிக்கு வரும் இணைப்புகளில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் காவலாளிதான் ஃபயர்வால். அணைத்தேன். சொன்னபடியே நொடிக்கு 30 எம்பி வரை ஏறியது. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முழுதும் முடிந்தது. அந்த மகிழ்ச்சியில் எழுந்து போய்விட்டேன்.

பதினொரு நாள் கழித்து, வேறு ஏதோ காரணத்துக்காகப் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்தபோது மூன்று சிவப்புக் குறிகள் இருந்தன. ஃபயர்வால் அணைந்தே கிடந்திருக்கிறது. அந்தப் பதினொரு நாளில் வீட்டுக்கு வந்த நான்கைந்து பேரின் கணினிகளும் போன்களும் எங்கள் வைஃபையில் இணைந்திருந்தன. தீங்கு எதுவும் நடந்ததாக அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் பதிவுகளைக் காப்பாற்றத்தான் இந்த வேலையையே தொடங்கினேன். அதே வேலையில் அவற்றை வாசலில் திறந்து போட்டிருக்கிறேன்.

‘எனக்கு ரவுட்டர் இருக்கிறது, கணினியில் தனியாக ஃபயர்வால் எதற்கு’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு (தானாகவே கணினிக்குக் கணினி தாவும் தீய நிரல்) பரவியபோது, யாரும் எந்த இணைப்பையும் சொடுக்கவில்லை, எந்த மின்னஞ்சலையும் திறக்கவில்லை. கணினி இணையத்தில் இருந்தது, 135-ஆம் போர்ட் திறந்திருந்தது, அவ்வளவுதான். போர்ட் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்காகக் கணினியில் இருக்கும் எண்ணிட்ட கதவு. ஓராண்டு கழித்து, 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 என்ற புதுப்பிப்பில்தான் விண்டோஸ் ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி ஆனது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற இன்னொரு புழு வந்தது. விண்டோஸ் கோப்புப் பகிர்வு பயன்படுத்தும் 445-ஆம் போர்ட் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதற்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அதை நிறுவாதவர்கள்தான் சிக்கினார்கள். ஒரே நெட்வொர்க்குக்குள் ஒரு கணினிக்கு இப்படி ஏதாவது தொற்றிவிட்டால், ரவுட்டர் அந்தப் பரவலைத் தடுக்காது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பக்கத்துக் கணினியிடமிருந்து நம்மைக் காப்பது கணினியின் சொந்த ஃபயர்வால்தான்.

சரி, ஃபயர்வாலை மீண்டும் இயக்கினேன். சிங்க்திங் உடனே ரிலேக்குத் திரும்பியது. இந்த முறை அணைப்பதில்லை என்று உறுதியாக இருந்ததால், அது என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பான நடத்தை எளிமையானது. நம் கணினி தானாகத் தொடங்கும் இணைப்பு எதுவானாலும் வெளியே போகலாம், அதற்கு வரும் பதிலும் உள்ளே வரலாம். நாம் கூப்பிடாமல் வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டினால், அதற்கென்று அனுமதி விதி இல்லாவிட்டால் பதிலே சொல்லாமல் விட்டுவிடும். பிரவுசருக்கு இது போதும், அது எப்போதும் தானேதான் போய்க் கேட்கிறது. கோப்பு பகிரும் மென்பொருளின் நிலைமை வேறு. அது கேட்கவும் வேண்டும், கேட்பவருக்குக் கதவு திறக்கவும் வேண்டும். இரண்டு பேரில் ஒருவராவது கதவு திறந்தால் இணைப்பு அமைந்துவிடும். இரண்டு பேரும் பூட்டியிருந்தால் பெரும்பாலும் ரிலேதான் கதி.

இந்தக் கடைசி விஷயத்தை நான் சரியாக மனத்தில் வாங்கிக்கொள்ளாததால் ஒரு வாரம் வீணானது. என் இரண்டு கணினிகளிலுமே கதவு பூட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் காரணம் வேறு.

முதலில் மேசைக் கணினி. மேம்பட்ட பாதுகாப்பு என்று போட்டிருக்கும் ஃபயர்வால் சாளரத்தைத் திறந்து, உள்வரும் விதிகளில் புதிதாக ஒன்று சேர்த்தேன். சிங்க்திங் கேட்கும் போர்ட் 22000, டிசிபி. (டிசிபியும் யூடிபியும் கணினிகள் தகவல் அனுப்பும் இரண்டு முறைகள், ஒவ்வொன்றுக்கும் தனி விதி வேண்டும்.) அனுமதி. சேமித்தேன். எதுவும் மாறவில்லை. யூடிபிக்கும் ஒரு விதி சேர்த்தேன், அதே எண்தான். மாறவில்லை. உள்ளூர்க் கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க 21027 யூடிபி வேண்டும் என்று படித்து அதையும் சேர்த்தேன். அதற்கும் பலனில்லை. பச்சைக் குறியோடு மூன்று விதிகள் வரிசையாக நிற்கின்றன, ஆனால் கதவு திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் பெரும்பாலோர் ‘இதெல்லாம் வேலைக்கு ஆகாது’ என்று மொத்தமாக அணைக்கிறார்கள். எனக்கும் கை அந்தப் பொத்தானுக்குத்தான் போனது. அதற்கு முன் ஃபயர்வாலின் பதிவேட்டைப் பார்க்கலாம் என்று தோன்றியது நல்லதாயிற்று. அந்தப் பதிவேடு இயல்பாக அணைந்திருக்கும். ஃபயர்வாலின் பண்புகளுக்குள் போய், கைவிடப்பட்ட பாக்கெட்டுகளைப் பதிவு செய் என்பதை ஆம் என்று மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு லேப்டாப்பிலிருந்து மறுபடி முயன்றேன். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் அந்தப் பதிவுக் கோப்பைத் திறந்தால் வரி வரியாக இருந்தது: தேதி, நேரம், ‘ட்ராப்’, டிசிபி, லேப்டாப்பின் முகவரி, என் முகவரி, அவற்றுக்குப் பின்னால் 22000. ஆக, தட்டும் சத்தம் வாசல் வரை வந்திருக்கிறது, போர்ட் எண்ணும் சரி, ஃபயர்வால்தான் கைவிடுகிறது. அனுமதி விதி இருந்தும் ஏன் கைவிடுகிறது?

விதிப் பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கி மெதுவாகக் கீழே இறங்கினேன். சிங்க்திங் என்ற பெயரில் இரண்டு விதிகள். நான் போடாதவை. இரண்டிலும் சிவப்புத் தடைக் குறி.

அப்போதுதான் நினைவு வந்தது. மென்பொருளை நிறுவிய அன்று, முதல் முறை ஓட்டியபோது ஒரு அறிவிப்பு மேலெழுந்தது. இந்தச் செயலியை நெட்வொர்க்கில் அனுமதிக்கலாமா என்று கேட்டது. அவசரத்தில் ரத்து என்பதை அழுத்திவிட்டேன். ‘இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்’ என்பதுதான் என் மனத்தில் இருந்த பொருள். ஃபயர்வாலுக்கு அது ‘இந்தச் செயலிக்கு அனுமதி இல்லை’ என்ற திட்டவட்டமான உத்தரவு. அந்த நொடியில் அந்தச் செயலியின் பெயரில் டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று என்று இரண்டு தடை விதிகள் எழுதப்பட்டுவிடுகின்றன. அதன் பிறகு அறிவிப்பும் வராது. விண்டோஸ் ஃபயர்வாலில் ஒரு தடை விதியும் ஒரு அனுமதி விதியும் மோதினால் தடைதான் வெல்லும். நான் அனுமதி விதிகளை ஒன்றுக்குப் பத்தாகச் சேர்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

இரண்டு சிவப்பு விதிகளையும் நீக்கினேன். அடுத்த நிமிடமே இணைப்பு வகை ‘டிசிபி லேன்’, அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள் நேரடி இணைப்பு, என்று மாறியது. ஃபயர்வால் பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருந்தது. எந்த மென்பொருளானாலும் சரி, அனுமதி கொடுத்தும் இணைப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால், புதிய விதி எதையும் சேர்க்காதீர்கள், முதலில் பழைய தடை இருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

லேப்டாப்பில் கதை வேறு. அங்கே அறிவிப்பு வந்தபோது அனுமதி கொடுத்திருந்தேன், அதுவும் தனியார் நெட்வொர்க்குக்கு (வீடு போல நாம் நம்பும் நெட்வொர்க்குக்கு) மட்டும். அது சரியான முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் ரவுட்டர் மாறியது. வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைத்துக்கொண்டோம், அதனால் எங்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். புது நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என்றே எடுத்துக்கொண்டது. தனியார் நெட்வொர்க்குக்கு எழுதிய விதி பொது நெட்வொர்க்கில் செல்லாது. நேற்று வரை வேலை செய்தது, நான் எதையும் தொடவில்லை, இன்று வேலை செய்யவில்லை என்ற புகார்களில் கணிசமானவை இந்த வகைதான் என்பது என் அனுபவம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. விதியைப் பொது நெட்வொர்க்குக்கும் செல்லும்படி விரிக்கலாம், அல்லது வீட்டு வைஃபையைத் தனியார் நெட்வொர்க் என்று குறிக்கலாம். லேப்டாப்பில் முதல் வழியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். லேப்டாப் நம்மோடு ஊர் சுற்றும். ரயில் நிலையம், விடுதி, நூலகம் என்று எங்கே வைஃபையில் இணைந்தாலும் அந்தக் கதவும் கூடவே திறந்திருக்கும். வீட்டு நெட்வொர்க்கை மட்டும் தனியார் என்று மாற்றினேன். வெளியே போனால் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். இந்தப் பிரிவை வைத்துக் கொடுத்தவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

விதியைப் போர்ட்டுக்கு எழுதுவதா, செயலிக்கு எழுதுவதா என்பதிலும் எனக்குக் குழப்பம் இருந்தது. போர்ட்டுக்கு எழுதினால், அந்த எண்ணில் யார் வந்து உட்கார்ந்து கேட்டாலும் கதவு திறந்திருக்கும். செயலிக்கு எழுதினால், அந்தச் செயலி ஓடும்போது மட்டும் அதற்கு மட்டும் திறக்கும். இரண்டாவதுதான் நல்லது. அதில் ஒரு சிக்கல், விதி செயலியின் முழுப் பாதையை வைத்து எழுதப்படுகிறது. சில மென்பொருள்கள் புதுப்பிக்கும்போது பதிப்பு எண்ணோடு புதுக் கோப்புறைக்குள் போய் உட்காரும், பழைய பாதைக்கு எழுதிய விதி அநாதையாகிவிடும். இப்போது நான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தச் செயலி, இந்த போர்ட், இந்த நெறிமுறை, தனியார் நெட்வொர்க் மட்டும். போதாததற்கு, வரம்பு என்ற தாவலில் தொலைமுகவரியை உள்ளூர் சப்நெட் என்று கட்டிவிட்டேன். அதாவது என் வீட்டு நெட்வொர்க்குக்குள் இருந்து தட்டினால் மட்டும் திறக்கும்.

அந்தக் கடைசிக் கட்டுதான் தம்பியோடு ஒரு முழு மாலையைச் செலவழிக்க வைத்தது.

தம்பி வேறு ஊரில். அவனிடம் லினக்ஸ். அவன் பக்கமும் ரிலே. “அக்கா, ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு பண்ணிட்டேன், அப்பவும் வரலை” என்றான். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, வெளியிலிருந்து ரவுட்டரின் 22000-க்கு வருவதை உள்ளே இந்தக் கணினிக்கு அனுப்பு என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி என்ன என்று படிக்கச் சொன்னேன். 100.70 என்று தொடங்கியது. விஷயம் புரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குள் பகிர்ந்து கொடுக்க 2012-இல் ஒதுக்கப்பட்டவை. உலகத்துக்குத் தெரியும் முகவரி அவனுடைய ரவுட்டரில் இல்லை, நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது. தன் ரவுட்டரில் அவன் எத்தனை ஃபார்வர்டு போட்டாலும் வெளியிலிருந்து யாரும் அதுவரை வந்து சேர முடியாது.

“அப்ப என்னதான் பண்றது?”

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். போட்டதை எடுத்துடு. நான் என் பக்கம் திறக்கிறேன், நீ வந்து தட்டு.”

என் இணைப்பில் நேரடியான வெளிமுகவரி இருந்தது. ஒருவர் திறந்தால் போதும் என்று முன்பே சொன்னேனே, அதேதான். என் ரவுட்டரில் மேசைக் கணினிக்கு உள்முகவரியை நிலையாக ஒதுக்கினேன். இதைச் செய்யாவிட்டால் என்றாவது மின்சாரம் போய் வந்த பிறகு அந்த முகவரி வேறு கருவிக்குப் போய்விடும், ஃபார்வர்டு அங்கே போய்த் திறக்கும். பிறகு 22000-ஐ டிசிபி, யூடிபி இரண்டுக்கும் ஃபார்வர்டு செய்தேன். தம்பி முயன்றான். ரிலே. பத்து நிமிடம் ரவுட்டரையே மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, பதிவேடு ஞாபகம் வந்தது. திறந்தேன். ‘ட்ராப்’. உள்ளூர் சப்நெட் என்று நானே கட்டிய வரம்பு. தம்பி என் சப்நெட்டில் இல்லையே! ஃபயர்வால் நான் சொன்னதைத்தான் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது.

வரம்பைத் தளர்த்துவதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன். தம்பியின் முகவரிக்கு மட்டும் திறக்கலாம் என்றால், அது அவனுடைய இணைய நிறுவனம் மாற்றும்போதெல்லாம் மாறும், அவனோடு பலரும் அதே முகவரியில் இருப்பார்கள். எங்கிருந்தும் வரலாம் என்று திறக்கத்தான் வேண்டும். அதற்கு நான் சம்மதித்ததன் காரணம், கதவுக்குப் பின்னால் நிற்கும் செயலி யாரையும் எளிதில் உள்ளே விடாது என்பதுதான். சிங்க்திங்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நீளமான அடையாளம் உண்டு. நாம் சேர்த்து வைத்த அடையாளத்தோடு வராதவர் எந்தக் கோப்பையும் பார்க்க முடியாது. இணைப்பு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டது. அதன் கட்டுப்பாட்டுத் திரைக்கான 8384 போர்ட் இயல்பாகவே அந்தக் கணினிக்குள் மட்டும் கேட்கிறது, அதை நான் தொடவே இல்லை. விண்டோஸின் சொந்தப் பகிர்வுக்கான 445-ஐ இதே மாதிரி ரவுட்டரில் திறந்து வெளியே விடுவதை எந்த நாளும் செய்ய மாட்டேன். வெளியூரிலிருந்து அந்தக் கோப்புறை வேண்டும் என்றால் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாகத்தான் வர வேண்டும். போர்ட் திறப்பது ஆபத்தா என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. திறந்த போர்ட்டில் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் பதில் சொல்ல முடியும்.

தம்பியின் வீட்டுக்குள்ளேயே அவனுடைய இரண்டு கணினிகளுக்கு நடுவில் இன்னொரு சிக்கல். லினக்ஸில் அவன் வைத்திருப்பது யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால். இதன் ஒழுங்கு விண்டோஸுக்கு நேர்மாறானது, அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன். விண்டோஸில் விதிகள் எந்த வரிசையில் இருந்தாலும் தடை வெல்லும். யூஎஃப்டபிள்யூவில் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் எது பொருந்துகிறதோ அதுதான் செல்லும். அவன் எப்போதோ ஒரு பெரிய தடை விதியை எழுதியிருந்தான். இப்போது எழுதிய அனுமதி விதி பட்டியலின் அடியில் போய்ச் சேர்ந்தது. அதுவரை யாரும் படித்து வரப்போவதில்லை. விதிகளை எண்ணோடு காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அனுமதியை முதலாம் இடத்தில் செருகச் சொன்னேன். 192.168.1 என்று தொடங்கும் அவன் வீட்டு முகவரிகளுக்கு மட்டும். உடனே வந்தது.

மேக் வைத்திருக்கும் ஒரு தோழிக்கு உதவியபோது இவ்வளவு பாடு இல்லை. மேக்கின் ஃபயர்வால் இயல்பாக அணைந்திருக்கும், இயக்கினாலும் அமைப்புப் பக்கத்தில் போர்ட் எண்கள் வராது, செயலிகள் மட்டும்தான். எல்லா உள்வரும் இணைப்புகளையும் தடு என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்தோம். அப்புறமும் உள்ளூர்க் கணினியைக் காணவில்லை என்றது. 2024-இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து, உள்ளூர் நெட்வொர்க்கைத் தேட ஒவ்வொரு செயலிக்கும் தனியுரிமைப் பகுதியில் தனி அனுமதி வேண்டும். பார்ப்பதற்கு ஃபயர்வால் பிரச்சினை மாதிரியே இருக்கும், ஆனால் சாவி வேறு இடத்தில்.

இத்தனையும் கற்ற பிறகுதான் டோரண்ட் பக்கம் வந்தேன். ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பலரும் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் முறை அது. தம்பி பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் நிறுவல் கோப்பைப் பலருக்கும் பகிர்ந்து தர வேண்டும் என்பது அவன் ஆசை, என் இணைப்பு நன்றாக இருப்பதால் நான் ஏற்றுக்கொண்டேன். கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளை நிறுவினேன். பதிவிறக்கம் நன்றாக வந்தது, பதிவேற்றம் மட்டும் சொட்டுச் சொட்டாகப் போனது. கீழே மூலையில் ஒரு சிறிய தீச்சுடர் குறி. உள்வரும் இணைப்பு எதுவும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். பதிவிறக்கம் வருகிறதே, பிறகென்ன என்று விட்டுவிடலாம். நாமே தேடிப் போய் இணைவதால் அது நடக்கும். ஆனால் என்னைப் போலவே கதவு பூட்டிய இன்னொருவருக்குப் பெரும்பாலும் என்னால் ஒரு துண்டுகூடத் தர முடியாது. பகிரத்தான் வந்தேன் என்றால் அது குறைதான்.

இங்கே இரண்டு விஷயங்கள் தடுக்கும். ஒன்று, போர்ட் எண். டோரண்டுக்கு 6881 முதல் 6889 வரை என்று பழைய குறிப்புகள் சொல்லும், அதை நம்பி விதி எழுதக் கூடாது. உங்கள் மென்பொருள் அமைப்பில் இப்போது என்ன எண் இருக்கிறதோ அதைப் பாருங்கள். தொடங்கும்போதெல்லாம் எண்ணை மாற்றும் தேர்வு இருந்தால் அணைத்துவிட்டு, 49152-க்கு மேல் ஒரு எண்ணைத் தேர்ந்து நிலையாக வையுங்கள். இரண்டு, யூடிபி. பலரும் டிசிபிக்கு மட்டும் விதி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். டிராக்கர் என்ற ஒருங்கிணைப்பு சர்வர் இல்லாமல் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் டிஹெச்டி என்ற முறை யூடிபியில்தான் ஓடுகிறது, இன்றைய டோரண்ட் போக்குவரத்தில் நிறையவும் யூடிபியில்தான். ஃபயர்வாலிலும் ரவுட்டரிலும் இரண்டையும் திறந்த பிறகு சுடர் மறைந்தது.

ரவுட்டரில் யூபிஎன்பி என்ற அம்சம் இருந்தால் மென்பொருள் தானாகவே போர்ட்டைத் திறந்துகொள்ளும், இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பார்கள். வசதிதான். ஆனால் கேட்பது யார் என்று அது பொதுவாகப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் எந்தச் செயலி கேட்டாலும் திறந்துவிடும், தீய செயலி உட்பட. நான் அணைத்து வைத்திருக்கிறேன். கையால் திறந்த இரண்டு போர்ட்டுகளும் எனக்கு மனப்பாடம்.

சோதித்துப் பார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறாகச் சோதித்துத்தான் நான் பல மணி நேரம் இழந்தேன். பிங் (ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை என்றால் கதவு மூடியிருக்கிறது என்று நினைத்தேன். பிங்குக்கு போர்ட்டே கிடையாது, அது தனி நெறிமுறை. அதைத் தடுத்துவிட்டு 22000-ஐத் திறந்து வைத்திருக்கலாம், மாறாகவும் இருக்கலாம். இன்னொரு முறை, மேசைக் கணினியிலேயே உட்கார்ந்து 127.0.0.1 முகவரிக்கு இணைத்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று நம்பினேன். தன்னோடு தானே பேசும் அந்தப் பாதையை ஃபயர்வால் மறிப்பதில்லை. அதனால் செயலி ஓடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். சரியான வழி, முதலில் அந்தக் கணினியில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளோடு ஓட்டி, அந்த போர்ட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, கடைசி நெடுவரிசையில் இருக்கும் எண் நம் செயலியுடையதா என்று பார்ப்பது. கேட்பதற்கே யாரும் இல்லையென்றால் ஃபயர்வாலை நோண்டிப் பயனில்லை. பிறகு இன்னொரு கணினிக்குப் போய், பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு முகவரியும் போர்ட் எண்ணும் கொடுப்பது. டிசிபி சோதனை வென்றதா என்ற வரியில் உண்மை அல்லது பொய் என்று பதில் வரும். டிசிபிக்கு மட்டும்தான் இது. யூடிபிக்குப் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு உறவினர் வீட்டில் இத்தனையும் சரியாகச் செய்தும் கதவு திறக்கவில்லை. அவர் கணினியில் வேறொரு பாதுகாப்பு மென்பொருள் இருந்தது, அதற்குள் சொந்தமாக ஒரு ஃபயர்வால். விண்டோஸ் ஃபயர்வால் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியிருந்தது. நாங்கள் ஒரு மணி நேரமாக விதி எழுதிக்கொண்டிருந்தது வேலையில் இல்லாத காவலாளிக்கு. யார் காவல் நிற்கிறார்கள் என்று பாதுகாப்பு அமைப்புகளின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இப்போதெல்லாம் யாருக்கு உதவப் போனாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

போன மாதம் மேசைக் கணினியை மாற்றினேன். புதியதில் சிங்க்திங்கை முதல் முறை ஓட்டியதும் அந்தப் பழைய அறிவிப்பு மேலெழுந்தது. இந்த முறை ஒரு முழு நிமிடம் அதைப் படித்தேன். செயலியின் பெயர், பாதை, எந்த நெட்வொர்க்குகள் என்று எல்லாம் அதிலேயே இருந்தன. தனியாருக்கு மட்டும் குறி வைத்து அனுமதித்தேன். ரவுட்டரில் 22000-ஐப் புதுக் கணினியின் முகவரிக்கு மாற்றினேன். லேப்டாப்பிலிருந்து 60 ஜிபியும் 35 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தம்பியிடமிருந்து மாலையில் ஒரு செய்தி: “டைரக்ட்டா வருது அக்கா. அப்பா பாடினதைக் கேட்டுட்டு இருக்கேன்.”